பின்பக்கம் செவிடான மைக்

போன மாதம் மலாக்காவை ஒட்டிய பத்து பெரெண்டாம் என்கிற ஊரில் ஒரு கல்யாணம். என் மகனுடைய சிநேகிதன் வீட்டுக் கல்யாணம் என்பதால் போகவேண்டியதாயிற்று. மேடையில் ஒருத்தன் பாட வந்தான். வந்ததும் வராததுமாக மைக்கின் தலையை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு வாயில் வைத்துக் கத்தினான். பெட்டி ஊளையிட்டது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் எச்சில் கையால் காதைப் பொத்தினார்கள். எனக்கு வந்த கோபத்தில் எழுந்து மேடைக்கே போய்விட்டேன்.

"தம்பி, கையை எடுங்க. அது கழுத்தில்லை, நெரிக்கிறதுக்கு."

"ஆன்ட்டி, இது இருக்கிறதுலயே விலை கூடுன மைக்கு" என்றான்.

விலை கூடினால் என்ன, அதற்கும் மூச்சுவிட இடம் வேண்டும். அவன் கையை எடுத்தான், ஊளை நின்றது, நான் இறங்கி வந்து பாயசத்தைக் குடித்தேன். எல்லாரும் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். இந்தப் பொம்பளைக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்கிற பார்வை. எனக்கு இது ஒன்பது வயதிலேயே தெரியும். மலாக்கா டவுனில் அப்போது இதைத் தெரிந்துவைத்திருந்த ஆட்கள் மூன்று பேர்தான். ஒருத்தர் என் சித்தப்பா. ஒருத்தி என் அத்தை. மூன்றாவது நான். சொன்னால் பெருமை அடிக்கிறாள் என்பார்கள். ஆமாம், அடிக்கிறேன்.

ஜப்பான்காரன் வந்து இரண்டாவது சித்திரை. காஜா பெராங்கில் ஒரு பலகை வீட்டில் இருந்தோம். அப்பா, அம்மா, நான், அப்பாவின் தம்பியான சித்தப்பா, அவர்கள் இருவருக்கும் தங்கையான அத்தை. சித்தப்பா சண்டைக்கு முன்னால் டவுனில் ஒரு படக்கொட்டகையில் மெஷின் ஓட்டுபவருக்குக் கையாளாக இருந்தார். சண்டை வந்ததும் முதலாளி கதவைப் பூட்டிவிட்டு ஓடிவிட்டார். ஓடும்போது சம்பளப் பாக்கிக்குப் பதிலாக ஒரு ஆம்பிளிபையர் பெட்டியையும் இரண்டு குழாய்களையும் ஒரு மைக்கையும் கொடுத்துவிட்டுப் போனார். குழாய் என்றால் கல்யாண வீட்டுப் பந்தல்காலில் கட்டுவார்களே, பூசணிப் பூ மாதிரி வாய் விரிந்த ஒலிபெருக்கி, அது. அன்றிலிருந்து சித்தப்பாவுக்கு ஊரில் குழாய்க்காரன் என்று பெயர்.

இந்தப் பெயர்தான் அவரைக் காப்பாற்றியது. சயாமில் ரயில் பாதை போடுவதற்கு ஜப்பான்காரன் ஆள் பிடித்துக்கொண்டிருந்தான். முதலில் நல்ல சம்பளம் என்றான். பிறகு சம்பளப் பேச்சே இல்லை, பிடித்து லாரியில் ஏற்றினான். போனவர்களில் திரும்பி வந்த ஒருவரையும் அதுவரை நாங்கள் பார்த்ததில்லை. ஆனால் ஊருக்கு உத்தரவு சொல்ல அவனுக்குக் குழாய் வேண்டும், குழாயை ஓட்ட ஆள் வேண்டும். அதனால் சித்தப்பாவுக்கு ஒரு துணிப்பட்டை கொடுத்திருந்தார்கள். சிவப்பு முத்திரை குத்தியது. அதைக் கையில் கட்டிக்கொண்டு தெருவில் போனால் யாரும் பிடிக்க மாட்டார்கள். தூங்கும்போதுகூடச் சித்தப்பா அதைக் கழற்ற மாட்டார். அம்மா அதைத் துவைக்கக் கேட்டால், "அழுக்கா இருந்துட்டுப் போவட்டும் அண்ணி" என்பார்.

அந்தப் பட்டைக்கு ஆபத்து வந்தது மாசி மாதத்தில். திடலில் ஒரு அரசாங்கக் கூட்டம். நாங்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையாக நிற்கிறோம். வாள் கட்டிய ஒரு அதிகாரி மைக் முன்னால் வந்து குனிந்து வணக்கம் வைத்தார். குனிந்தவர் மைக்குக்கு மிக அருகில் போய்விட்டார் போலிருக்கிறது. மெதுவாக ஒரு முனகல் ஆரம்பித்தது. ஆரம்பித்த வேகத்தில் ஏறி ஏறி வீலென்று கத்தியது.

அந்தக் காலத்தில் ஏறிக்கொண்டே போகிற சத்தம் என்றால் ஒன்றுதான். குண்டு போட ஏரோப்பிளேன் வரும்போது ஊதுகிற சங்கு. அவ்வளவு கூட்டமும் சிதறியது. பாதி பேர் தரையில் படுத்தார்கள், பாதி பேர் கால்வாயில் குதித்தார்கள். அதிகாரியும் குதித்தார். வாளோடு, தொப்பியோடு, பளபளப்பான பூட்சோடு. சித்தப்பா பெட்டியை அணைத்ததும் சத்தம் நின்றது. வானத்தில் ஒரு காக்கைகூட இல்லை. அதிகாரி சேறும் சகதியுமாகக் கால்வாயிலிருந்து ஏறி வந்தார். அத்தனை பேரில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. நான் சிரித்தேன். என்னைத் தேடி ஓடிவந்த அம்மா என் வாயில் போட்ட அடியில் உதடு வீங்கிப்போனது.

அதிகாரி சித்தப்பாவைக் கன்னத்தில் இரண்டு அறை அறைந்தார். பிறகு என்னவோ சொன்னார். மொழிபெயர்ப்பதற்கு என்று ஒரு தமிழர் அவர் பின்னாலேயே நின்றிருப்பார், துபாஷி என்று சொல்வோம். அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "இன்னொரு தடவ இது கத்துச்சுன்னா பட்டைய உருவிட்டு உன்ன சயாமுக்கு ஏத்திடுவாராம். புரிஞ்சுச்சான்னு கேக்கிறாரு." சித்தப்பா தலையை ஆட்டினார்.

சும்மா இருந்திருந்தால் அடுத்த அரசாங்கக் கூட்டம்வரை மூச்சு விட்டிருக்கலாம். அதற்குள் கம்போங் செட்டிக்காரர்கள் வந்துவிட்டார்கள்.

எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில்தான் கம்போங் செட்டி. அங்கே இருக்கிறவர்கள் எத்தனையோ தலைமுறைக்கு முன்னால் கப்பலேறி வந்த தமிழர்களுடைய வம்சம். நெற்றியில் விபூதி, வீட்டுக்கு வீடு சாமி, ஆனால் பேசுவது மலாய். பெண்கள், நியோன்யாக்கள் என்று சொல்வோம், சாரோங்கும் கெபாயாச் சட்டையும் போட்டுப் பொட்டு வைத்திருப்பார்கள். அம்மன் பாட்டை மட்டும் தமிழில்தான் பாடுவார்கள், அர்த்தம் தெரியாது. அந்தப் பாட்டுகளை இங்கிலீஷ் எழுத்தில் எழுதிய ஒரு நோட்டு வைத்திருந்தார்கள். வருடாவருடம் அதைப் பார்த்துப் பாடிய பெரியவர் அந்த வருடம் தவறிவிட்டார். எனவே அவர்களுடைய அம்மன் கோவில் தலைவர் அத்தையைப் பாடக் கூப்பிட வந்திருந்தார். கூடவே இன்னொரு சேதியும் கொண்டுவந்தார். திருவிழாவுக்கு அனுமதி கிடைத்துவிட்டது, ஆனால் அதே அதிகாரி வந்து உட்கார்ந்து கேட்பாராம், குழாயும் கட்டாயம் இருக்கவேண்டுமாம்.

சித்தப்பா அத்தையிடம் சொன்னார்: "முடியாதுன்னு சொல்லும்மா. உனக்குத் தொண்டை கட்டியிருக்குன்னு சொல்லு."

அத்தைக்கு அப்போது இருபது வயது. ஊரில் இருபது வயதுப் பெண்களை எல்லாம் ஜப்பான்காரன் கண்ணில் படாமல் பரணில் ஏற்றி ஒளித்துவைத்த காலம். அத்தையையும் வெளியே விடமாட்டோம். ஆனால் அவள் குரலை எந்தப் பரணில் ஏற்றுவது? கிணற்றடியில் அவள் பாடினால் நாலு வீடு தள்ளித் துணி துவைக்கிறவர்கள் துணியை அப்படியே வைத்துவிட்டு நிற்பார்கள். அவள் சொன்னாள்: "நான் பாடலைன்னா குழாய்க்காரன் பயந்துட்டான்னு ஆபீசருக்குத் தெரியாதா? தொண்டைய விடுங்கண்ணே. மைக்க மாத்துங்க."

ஏன் மைக்கை மாற்றவேண்டும் என்பதை நான் இங்கே விளக்கியாகவேண்டும். அம்மன் கிழக்கே பார்த்து உட்கார்ந்திருக்கிறாள். பாடுகிறவள் அம்மனுக்கு முதுகைக் காட்டக்கூடாது. ஆகவே அத்தை மேற்கே பார்த்து, அம்மனுக்கு நேராக நின்று பாடுவாள். ஜனங்கள் அவளுக்குப் பின்னால் முற்றத்தில் நிற்பார்கள். குழாயை எங்கே கட்டுவது? வாசலில் கட்டலாம் என்றால் அவ்வளவு தூரத்துக்கு ஒயர் இல்லை. ஊரிலிருந்த ஒயரை எல்லாம் பட்டாளம் சுருட்டிக்கொண்டு போயிருந்தது. மின்சாரம் இருப்பதும் அம்மன் மண்டபத்தில்தான். எனவே அம்மன் தலைக்கு மேலே மண்டபத்து விளிம்பில் ஜனங்களைப் பார்த்துத்தான் குழாயைக் கட்டமுடியும். அதாவது குழாயின் வாய் அத்தையின் முகத்துக்கு நேரே. நடுவில் மைக். குழாயில் வருகிற பாட்டே மறுபடி மைக்குக்குள் போகும், அது மறுபடி குழாயில் வரும், சுற்றிச் சுற்றி ஊளையாகும். எங்களிடம் இருந்த மைக்கோ எல்லாப் பக்கமும் காது உள்ளது.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு சீனரின் காயலான் கடை இருந்தது. மூடிப்போன கடைகள், ஆபீஸ்கள், நடனக் கொட்டகைகள் இவற்றின் சாமான்கள் எல்லாம் அங்கேதான் வந்து விழும். மூன்று மைக் இருப்பதாகச் சித்தப்பா கேள்விப்பட்டார். பெட்டியையும் ஒரு குழாயையும் தள்ளுவண்டியில் ஏற்றினார். பேசிப் பார்க்க ஒரு பெண்குரல் வேண்டும். அத்தையைத் தெருவில் கூட்டிப்போக முடியாது. என்னைக் கூட்டிப்போனார்.

புறப்படும்போது அம்மா வாசலில் வழிமறித்தாள். "என்னத்தக் குடுத்து வாங்கப் போறீங்க? ஜப்பான்காரன் அடிச்ச வாழைமர நோட்ட அவன் மூக்குச் சிந்தக்கூட வாங்கமாட்டான்."

சித்தப்பா வீட்டுக்குள் பார்த்தார். மூலையில் அம்மாவின் தையல் மிஷின் இருந்தது.

"அதப் பாக்காதீங்க" என்றாள் அம்மா. "அதக் குடுத்துட்டு நாங்க என்னத்தத் தின்றது, ஒங்க குழாயையா?"

சீனர் மூன்று மைக்கையும் எடுத்து மேசைமேல் வைத்தார். முதலாவது பெரிய வெள்ளி வளையத்துக்குள் நான்கு ஸ்பிரிங்கில் தொங்கியது. கண்ணைப் பறிக்கிற பளபளப்பு. இரண்டாவது மருந்து டப்பா மாதிரி உருண்டை. மூன்றாவதைப் பார்க்கச் சகிக்கவில்லை. நெளிந்துபோன மரவள்ளிக்கிழங்குத் துண்டு மாதிரி இருந்தது, சாயம் உரிந்து, தலையில் ஒரு சொட்டை. ஏதோ நடனக் கொட்டகையில் வாத்தியக்காரர்கள் நடுவே நின்று பாடுகிறவள் வைத்திருந்ததாம்.

சித்தப்பா நேராகப் பளபளப்பிடம் போனார். பெட்டியில் சொருகி, குழாயை எதிரில் வைத்து, திருகைக் கொஞ்சம் திருப்பினார். அவ்வளவுதான், வீலென்று ஒரு ஊளை. தெருவில் கதவுகள் படபடவென்று சாத்தப்பட்டன. யாரோ ஒரு பெண் பிள்ளையின் பெயரைச் சொல்லி அலறினாள். சீனர் மேசைக்கு அடியில் போய்விட்டார். சித்தப்பா அணைத்த பிறகு வெளியே வந்து, தன் மொழியில் ஒரு பாட்டம், மலாயில் ஒரு பாட்டம் திட்டினார். இனிமேல் தன் கடைக்குள் குழாயை மாட்டினால் தலையிலேயே போடுவேன் என்பது அதன் சாரம்.

குழாய் இல்லாமல் ஊளையை எப்படிப் பரீட்சை செய்வது? சித்தப்பாவிடம் பழைய டெலிபோன்காரர்கள் காதில் மாட்டுகிற கறுப்புச் சில்லு இரண்டு இருந்தது. அதைப் பெட்டியில் இணைத்துக் காதோடு இறுக்கிக் கட்டிக்கொண்டார். என்னை மைக் முன்னால் நிறுத்தி, "ஏதாச்சும் பேசுடி வாலு" என்றார். பள்ளிக்கூடத்தில் அடித்துச் சொல்லிக்கொடுத்த ஜப்பான் எண்களைச் சொன்னேன். இச்சி, நி, சான். வளைய மைக்கில் என் குரல் தேனாகக் கேட்கிறது என்று சித்தப்பா கண்ணை மூடிக்கொண்டார். கேட்டுக்கொண்டே ஒரு தையல் மிஷின் என்ன விலைக்குப் போகும் என்று சீனரை விசாரித்தார். இவ்வளவுக்கும் இரண்டு நிமிடம் முன்னால் ஊளையிட்ட மைக் அது. ஆண்பிள்ளைகளுக்குப் பளபளப்பைக் கண்டால் அறிவு நின்றுவிடும், மைக் விஷயத்திலும்தான்.

எனக்குச் சலிப்பு வந்துவிட்டது. மைக்குக்குப் பின்பக்கம் போய்க் குனிந்து மெதுவாக, "சித்தப்பா மூக்கு பலாக்கொட்டை" என்றேன். கண்ணைத் திறக்காமலே கையை நீட்டி என் தலையில் ஒரு குட்டு வைத்தார். இரண்டாவது மைக்கை மாட்டினார். அதன் பின்பக்கமும் போய், "சித்தப்பாவுக்குக் கல்யாணமே ஆகாது" என்றேன். இன்னொரு குட்டு. மூன்றாவது மைக்கை மாட்டினார். முன்னால் நின்று ஒழுங்காக எண்ணினேன். பின்னால் போய், குட்டு விழுந்த வலியெல்லாம் சேர்த்து, "சித்தப்பா ஆபீசரைப் பாத்தா நின்ன இடத்துல மூத்திரம் போவாரு" என்றேன்.

குட்டு வரவில்லை. சித்தப்பா மரமாக உட்கார்ந்திருந்தார். மறுபடி சொன்னேன். அத்தையிடம் கற்றுக்கொண்ட ஒரு கெட்ட வார்த்தையையும் சேர்த்துச் சொன்னேன். ஒன்றும் இல்லை. எனக்குப் பரிதாபமாகப் போய்விட்டது. சித்தப்பாவின் காதிலிருந்து ஒரு சில்லைப் பிடுங்கினேன்.

"சித்தப்பா, இது செத்துப்போச்சு. நான் பின்னால நின்னு என்னென்னமோ சொன்னேன், ஒங்களுக்குக் கேக்கவே இல்ல."

"என்ன சொன்ன?"

"நல்லதுதான் சொன்னேன்."

அவர் என்னையே பார்த்தார். பிறகு சில்லை மறுபடி மாட்டிக்கொண்டார். "முன்னால வா. எண்ணு." எண்ணினேன். "பின்னால போ. எண்ணு." எண்ணினேன். "பக்கத்துல." எண்ணினேன். மூன்று சுற்றுச் சுற்றவைத்தார். பிறகு என்னை இழுத்து நெற்றியில் முத்தம் கொடுத்தார். வெற்றிலைச் சாறு ஒட்டிக்கொண்டது.

"இதுக்கு முதுகுப் பக்கம் செவிடுடி! டமாரச் செவிடு! குழாய் அந்தப் பக்கம் இருந்தா இதுக்குக் கேக்காது!"

உரக்கச் சொல்லவில்லை, என் காதில் சொன்னார். சீனருக்கு மூஞ்சியைத் தொங்கப்போட்டுக் காட்டினார். பாதிப் பக்கம் கேட்காத மைக்கை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று பெருமூச்சு விட்டார். சீனருக்கும் அது தெரிந்திருக்கவேண்டும். "ரோசாக் பாராங், மூரா லா" என்றார். கெட்டுப்போன சாமான், மலிவாகத் தருகிறேன் என்று அர்த்தம். இரண்டு போத்தல் தேங்காய் எண்ணெய்க்கும் அம்மாவின் சேவலுக்கும் முடிந்தது. மிஷின் பிழைத்தது. சேவலுக்காக அம்மா ஒரு வாரம் சித்தப்பாவோடு பேசவில்லை.

பத்து நாள் அத்தை வீட்டில் அந்த மைக்கோடு பழகினாள். குழாய் வாயில் கம்பளியும் தலையணையும் அடைத்துச் சத்தத்தை வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டார்கள். மைக்கின் தலைக்குப் பின்னால் வரிசையாகக் கீற்றுகள் இருந்தன, மீனின் செவுள் மாதிரி. அத்தை மறந்துபோய் அந்த இடத்தில் கையை வைத்தால் போதும், பின்பக்கத்துக்கும் காது கேட்டுவிடும், குழாய் முனக ஆரம்பிக்கும், சித்தப்பா அவள் கையில் தட்டுவார். "அதுக்கு மூச்சு முட்டுது பாரு. கீழ பிடி." நான் இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். சித்தப்பா வழக்கம்போல நொட்டை சொல்கிறார் என்று நினைத்தேனே தவிர வேறொன்றும் மண்டையில் ஏறவில்லை.

திருவிழா அன்று மூன்று மணிக்கே முற்றம் நிறைந்துவிட்டது. இருட்டினால் யாரும் வெளியே இருக்கக்கூடாது என்பதால் எல்லாமே வெயிலில்தான். சித்தப்பா குழாய்களைக் கட்டி, மைக்கை ஒரு கம்பில் நிறுத்திவிட்டு, பெட்டியிடம் போனார். என்னை மைக்குக்குக் காவல் வைத்தார். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு காவல் நின்றேன். வந்தவர் போனவரிடம் எல்லாம், "இது நான் கண்டுபிடிச்ச மைக்கு" என்று சொன்னேன். செட்டிக்காரர்களுக்குப் புரியாது என்று மலாயிலும் சொன்னேன்.

கோவில் தலைவரின் மனைவி கையில் சந்தனக் கிண்ணத்தோடு வந்தாள். மேளத்துக்கு ஒரு பொட்டு, நாயனத்துக்கு ஒரு பொட்டு, மணிக்கு ஒரு பொட்டு. என் மைக்கிடம் வந்ததும் நின்றாள்.

"பாராங் பாரு மா, கெனா காசி சந்தனம்" என்றாள்.

புதுச் சாமான், சந்தனம் வைக்காமல் இருக்கலாமா என்பது அவள் பேச்சு. இந்தச் சொட்டைத் தலையனுக்கு முதல் தடவையாக ஒருவர் மரியாதை செய்கிறார், எனக்குத் தலைகால் புரியவில்லை. அவள் முன்னால் ஒரு சின்னப் பொட்டோடு நிறுத்திக்கொள்ளத்தான் இருந்தாள். நான்தான் மைக்கைத் திருப்பிப் பின்பக்கத்தைக் காட்டினேன். எந்தப் பக்கம் விசேஷமான பக்கமோ அந்தப் பக்கத்துக்கு வேண்டாமா? அவளும் மூன்று விரலால் வழித்துத் தாராளமாகப் பூசினாள். செவுள் முழுக்கச் சந்தனம். அதற்கு மேல் குங்குமம். பிறகு மைக்கைப் பழையபடி திருப்பி வைத்தேன்.

அதிகாரி வந்தார். முன்வரிசையில் நாற்காலி போட்டிருந்தது. வாளைக் கால்களுக்கு நடுவே ஊன்றிக்கொண்டு உட்கார்ந்தார். பின்னால் துபாஷி. நாற்காலியிலிருந்து கோவிலோரத்துக் கால்வாய் எவ்வளவு தூரம் என்று அவர் ஒரு தடவை திரும்பிப் பார்த்ததை நான் கவனித்தேன்.

அத்தை வந்து அம்மனைக் கும்பிட்டுவிட்டு மைக் முன்னால் நின்றாள். சித்தப்பா திருகைத் திருப்பினார். அத்தை வாயைத் திறப்பதற்கு முன்பே குழாயில் அந்த முனகல் கேட்டது. மெதுவாக, கொசு மாதிரி. பிறகு வண்டு மாதிரி. சித்தப்பா திருகைக் குறைத்தார். முனகல் குறைந்தது, போகவில்லை. அந்த அளவுக்குக் குறைத்தால் முற்றத்தில் பாதிப் பேருக்குப் பாட்டு கேட்காது. மறுபடி கூட்டினார். மறுபடி ஏறியது. கூட்டத்தில் தாய்மார்கள் பிள்ளைகளைக் கையில் தூக்கிக்கொண்டார்கள். அதிகாரி நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார். சித்தப்பா தன் கைப்பட்டையை மற்றக் கையால் பிடித்துக்கொண்டிருந்தார், யாரோ அப்போதே உருவப்போகிற மாதிரி.

அத்தை மைக்கைக் கம்பிலிருந்து எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"ஏய். இத யாரு பூசுனா?"

"அவங்கதான் அத்தை. நான் திருப்பிக் காட்டுனேன்."

"ஒன்ன வீட்ல வச்சுக்கிறேன்" என்றாள். கொண்டையிலிருந்து ஊசியை உருவினாள். கொண்டை அவிழ்ந்து முதுகில் விழுந்தது. அத்தனை ஜனத்துக்கு முன்னால், ஜப்பான்காரனுக்கு முன்னால், நின்ற இடத்திலேயே செவுளில் இருந்த சந்தனத்தைச் சுரண்ட ஆரம்பித்தாள். ஒரு பயமும் இல்லை. பாத்திரம் தேய்ப்பது மாதிரி நிதானமாகச் சுரண்டினாள். அம்மன் சந்நிதியில் வைத்த சந்தனத்தைச் சுரண்டுவதா என்று கோவில் தலைவர் வாயில் கை வைத்துக்கொண்டார். தலைவரின் மனைவி முன்னால் வந்தாள். சண்டைக்கு வருகிறாள் என்று நினைத்தேன். அவள் குழாயை அண்ணாந்து பார்த்தாள், மைக்கைப் பார்த்தாள், தன் கெபாயாவில் சொருகியிருந்த கைக்குட்டையை எடுத்துத் தீர்த்தச் செம்பில் நனைத்துப் பிழிந்து, மைக்கை வாங்கித் தானே துடைத்தாள். ஒவ்வொரு கீற்றாக, பிள்ளையின் காதைத் துடைக்கிற மாதிரி. 

முனகல் நின்றது. சித்தப்பா திருகைக் கூட்டினார். இன்னும் கூட்டினார். குழாய் வாய்மூடிக் கிடந்தது. அதிகாரி உட்கார்ந்தார்.

அத்தை பாடினாள்.

பாட்டைப் பற்றி எழுத எனக்குத் தெரியாது. சங்கீதம் படித்தவள் இல்லை நான். அவள் குரல் அம்மனை நோக்கிப் போனது, அம்மன் தலைக்கு மேலிருந்து எங்கள்மேல் வந்து இறங்கியது. அந்தக் குழாய்கள் அதுவரை அரிசிப் பங்கீட்டையும் தண்டனையையும் தவிர வேறு எதையும் சொன்னதில்லை. தமிழில் ஒரு வார்த்தை புரியாத அந்த நியோன்யாக்கள், தங்கள் நோட்டில் இங்கிலீஷ் எழுத்தில் எழுதிவைத்திருந்த வரிகள் அந்தக் குரலில் வரும்போதெல்லாம் உதட்டை அசைத்தார்கள், அழுதார்கள். எங்கள் ஆட்களும் அழுதார்கள். பெரிய ரோட்டில் மாட்டுவண்டி ஓட்டிவந்தவர் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி நின்றாராம். அவிழ்ந்த தலையோடு, வியர்த்து, மூன்று பாட்டு. ஒரு முனகல் இல்லை. அதற்குப் பிறகு எத்தனையோ பெரிய பாடகர்கள் இந்த ஊருக்கு வந்தார்கள். போய்க் கேட்டேன். என் அத்தையின் கால்தூசி பெறமாட்டார்கள்.

முடிந்ததும் அதிகாரி எழுந்து மைக்கிடம் வந்தார். விரலால் அதன் சொட்டைத் தலையைத் தட்டிப் பார்த்தார். குழாயில் டொக் டொக் என்று கேட்டது. சித்தப்பாவைப் பார்த்து இரண்டு வாக்கியம் சொன்னார்.

"நல்ல மைக்குங்கிறாரு" என்றார் துபாஷி. "ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாக் கேட்டுச்சாம். பட்டைய நீயே வச்சுக்கிறலாமாம்."

சித்தப்பா இடுப்பு ஒடியக் குனிந்து வணக்கம் வைத்தார். வீட்டுக்கு வந்து அத்தையின் காலில் விழப்போனார். அத்தை காலை இழுத்துக்கொண்டு, "போங்கண்ணே அந்தப் பக்கம்" என்று சிரித்தாள். எனக்கு அடி விழவில்லை. அம்மா மரவள்ளிக்கிழங்கில் வெல்லம் போட்டுக் கிண்டினாள். அன்று எங்கள் வீட்டில் எல்லாருக்கும் வயிறு நிறைந்தது.

பத்துப் பதினைந்து நாள் கழித்து, காலையில் மைக் செட்டைத் திடலுக்குக் கொண்டுவரச் சொல்லி உத்தரவு வந்தது. அந்த மைக்கைத்தான் கொண்டுவரவேண்டும் என்று தனியாகச் சொல்லியிருந்தார்கள். நான் அழுது அடம்பிடித்துச் சித்தப்பாவோடு போனேன். 

திடலில் கூட்டம் நெருக்கியது. ஓரத்தில் வரிசையாக லாரிகள் நின்றன, சயாமுக்கு ஆள் ஏற்றிப்போகிறவை. துபாஷி ஒரு தாளை வைத்துக்கொண்டு மைக் முன்னால் வந்தார். பெயர்களைப் படித்தார். ஆளின் பெயர், தகப்பன் பெயர், இருக்கிற தெரு. ஒரு பெயர் படித்ததும் கொஞ்சம் நிறுத்துவார். கூட்டத்தில் எங்காவது ஒரு அசைவு தெரியும். பிறகு அடுத்த பெயர்.

சித்தப்பா திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வந்தார். கடைசி வரிசையிலிருந்து, "கேக்கல! கேக்கல! சத்தமாச் சொல்லுங்க!" என்று கத்தினார்கள். அதிகாரி சித்தப்பாவைத் திரும்பிப் பார்த்தார். சித்தப்பா திருகைக் கூட்டினார். கையைத் திருகிலிருந்து எடுக்கவே இல்லை. ஊளை வந்துவிடுமோ என்று பயப்படுகிறார் என்று நினைத்து, "பயப்படாதீங்க சித்தப்பா, செவுளை நான் துடைச்சுட்டேன்" என்று தைரியம் சொன்னேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

ஊளை வரவே இல்லை. வெகு நேரம் படித்தார்கள். ஒரு பெயர்கூட யாருக்கும் கேட்காமல் போகவில்லை. காற்று எதிராக வீசியும் திடலின் அந்தக் கோடிவரைக்கும் ஒவ்வொரு எழுத்தும் கண்ணாடி மாதிரி கேட்டது. பக்கத்தில் நின்ற பிள்ளைகளிடம், "எங்க சித்தப்பா செட்டு. நான் கண்டுபிடிச்ச மைக்கு" என்று சொன்னேன். துபாஷி தாளை மடித்ததும் நான் ஒருத்தி மட்டும் கைதட்டினேன்.

எனக்கு முன்னால் நின்ற ஒரு பெண் திரும்பினாள். இடுப்பில் ஒரு கைக்குழந்தை. என் முகத்தையே பார்த்தாள், வெகு நேரம். பொறாமைப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டு, நான் இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து நின்றேன்.